கையெழுத்துக்கு முன்னால்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. எச்.ஆர் அறையில் ஏசி சற்று அதிகமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. மேசைமேல் ஒரு தாள், தாள்மேல் ஒரு பேனா. "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று அச்சடித்து, பெயர், ஊழியர் எண், தேதி எல்லாவற்றையும் நிரப்பியே வைத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "நீங்களா எழுதிக் குடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வந்துடும் மேடம். நாங்க டெர்மினேட் பண்ணினா அடுத்த கம்பெனியில உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று இதமான குரலில் ஒருவர் சொல்கிறார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் நானும் ஒருவன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் அப்போது இருந்தேன். யாருக்கு எவ்வளவு கொடுத்து அனுப்புவது என்று கணக்குப் போட்டுத் தாளைத் தயாராக வைத்திருப்பது என் வேலை. அன்று பன்னிரண்டு பேரை அழைத்தார்கள். பதினொரு பேர் பத்துப் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். பன்னிரண்டாவதாக வந்த பெண் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருந்ததில் எனக்கு விளங்கியது இதுதான். வேலையில் வரும் வில்லங்கங்களில் பெரும்பாலானவை இரண்டு கையெழுத்துகளில் முடிவாகிவிடுகின்றன. ஒன்று சேரும்போது போடுவது, மற்றொன்று விலகும்போது போடுவது. சட்டம் ஊழியர் பக்கம் எவ்வளவோ வைத்திருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைக் கேட்கப் போனால், "நீங்கதானே போட்டீங்க?" என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி.

ஆறு லட்சம் என்றால் எவ்வளவு?

போன மாதம் அக்கா மகன் தன் ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாமா, ஆறு லட்சம் சிடிசி!" உடனே போன் போட்டேன்.

"மாசம் கைக்கு எவ்வளவுடா வரும்?"

"அம்பதாயிரம் மாமா. பன்னண்டால வகுத்தா அவ்வளவுதானே?"

"வகுத்தது சரி. வரப்போறது நாப்பதுகூட இல்ல."

சிடிசி என்பது சம்பளம் அல்ல. ஓர் ஊழியரால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அவன் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாய். மாத ஐம்பதாயிரத்துக்குள்ளேயே கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 1,800 அடக்கம். கிராஜுவிட்டிக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது 1,200 சொச்சம். மருத்துவக் காப்பீட்டுக்கு 500. இதையெல்லாம்விடப் பெரியது 'வேரியபிள் பே', வருடத்துக்கு 60,000. அது மாதாமாதம் வராது. கம்பெனி நன்றாக நடந்து, மேனேஜரும் மனம் வைத்தால் வருடக் கடைசியில் வரும். இவற்றைக் கழித்தால் மாதம் 41,500. அதில் அவனுடைய பிஎஃப் பங்கு 1,800, மாநகராட்சித் தொழில்வரி மாதத்துக்கு 200 சொச்சம் போகக் கைக்கு வருவது 39,500 ரூபாய்க்குப் பக்கம்.

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாம் கடிதத்தின் மூன்றாம் பக்க அட்டவணையில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் கிராஜுவிட்டி இருக்கும் வரியை மட்டும் சற்று உற்றுப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு அது 5 ஆண்டு முடித்தால்தான் கிடைக்கும். மூன்றாம் வருடம் வேறு இடம் பார்க்கிற பையனுக்கு அந்த 1,200 ரூபாய் கண்ணில் காட்டிய காசு மட்டுமே.

அவனை நான்கு கேள்விகள் மட்டும் மெயிலில் கேட்கச் சொன்னேன். பிடித்தம் போக மாதம் எவ்வளவு வரும்? வேரியபிள் பே எதை வைத்து, எந்த மாதம் தருவீர்கள், நடுவில் விலகினால் அதில் பங்கு உண்டா? நோட்டீஸ் காலம் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதானா? பாண்ட் ஏதாவது எழுதி வாங்குவீர்களா? "கேட்டா ஆஃபரைத் தூக்கிடுவாங்களா மாமா?" என்றான். இப்படிக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றதை என் சர்வீஸில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சொல்லப்போனால், இப்படிக் கேட்பவரின் ஃபைலில் நாங்கள் கொஞ்சம் கவனமாகவே இருப்போம்.

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது ஒன்று. 'ஊதியம்' என்பதற்கு இன்னொன்று புது வரையறை கொடுத்திருக்கிறது: படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும். அடிப்படைச் சம்பளத்தை 30 சதவீதத்துக்குச் சுருக்கிவிட்டு, மிச்சத்தை 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரில் கொட்டி, கிராஜுவிட்டியைக் குறைக்கும் பழைய வித்தை இனி பலிக்காது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேருபவர்களுக்கு 5 ஆண்டு நிபந்தனையும் போய்விட்டது. ஓராண்டு வேலை செய்தாலே கிராஜுவிட்டி உண்டு.

பாண்டும் வெற்றுக் காசோலையும்

"இரண்டு வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும்" என்ற பத்திரத்தைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அது செல்லவே செல்லாது என்பார் ஒருவர். மீறினால் போலீஸ் வரும் என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று ஒருவரைப் பொதுவாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்ட் வேறு. பொதுத்துறை வங்கி ஒன்றில் 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பொதுத் தேர்வு நடத்தி ஆளெடுக்கும் வங்கிக்கு ஏற்படும் செலவையும் அந்தப் பதவியின் சம்பளத்தையும் வைத்துப் பார்த்தால் தொகை நியாயமானதே என்றது. அதே அளவுகோலை மாற்றிப் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், அதற்கு எவ்வளவு செலவானது? நாலு நாள் அறிமுக வகுப்பு நடத்திவிட்டு நாலு லட்சம் கேட்டால், 74-ஆம் பிரிவின்படி 'நியாயமான இழப்பீடு' என்ற தடையைத் தாண்டுவது கம்பெனிக்குச் சிரமம். எப்படியிருந்தாலும் இது சிவில் வழக்கு. கைது, ஜெயில் என்று போனில் மிரட்டுவதெல்லாம் வெறும் பூச்சாண்டி.

ஒரே ஒரு விஷயம் இதைக் குற்ற வழக்காக மாற்றிவிடும். அது பாண்டோடு சேர்த்து வாங்கும் வெற்றுக் காசோலை. தொகையை அவர்களே எழுதி வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் உங்கள்மேல் வழக்குப் போடலாம். பாண்ட் நியாயமா என்ற கேள்வி பின்னுக்குப் போய், நீங்கள் குற்றவாளியா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். பாண்டில் கையெழுத்துப் போட்டாலும் போடுங்கள், தேதியும் தொகையும் எழுதாத காசோலையை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அசல் சான்றிதழும் அப்படித்தான். தனியார் கல்லூரி ஆசிரியர்களும் நர்ஸுகளும் இதில் படும் பாட்டைச் சொல்லி மாளாது. சரிபார்க்கக் கொடுத்து, அன்றே திரும்ப வாங்குங்கள். உங்கள் பட்டத்தைப் பிணையாக வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் முதலாளிக்குத் தரவில்லை. வைத்துக்கொண்டே தீருவோம் என்றால், "இந்தத் தேதியில் பெற்றுக்கொண்டோம்" என்று ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் பலர் சான்றிதழையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்

சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்திருப்பது ஒன்று, அந்தப் பணம் உங்கள் கணக்குக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. பிடித்த பணத்தைக் கட்டாமல் கம்பெனிச் செலவுக்குச் சுழற்றிக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள். அது தெரியவரும்போது கம்பெனியே மூடியிருக்கும். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து உமங் செயலியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அங்கே ஒரு குழப்பம் வரும். உங்கள் கணக்கில் 1,800 ஏறியிருக்கும், கம்பெனி பங்கில் 550 மட்டும் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் அது 1,250. அந்தப் பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் புது யுஏஎன் வாங்கி, பழையதில் இருப்பதை எடுத்துச் செலவழிப்பவர்கள் அந்தப் பத்து ஆண்டை எட்டுவதே இல்லை. பழைய எண்ணையே கொடுங்கள். விலகும்போது 'வெளியேறிய தேதி' பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது விடுபட்டால் பணத்தை மாற்றுவதும் முழுதாக எடுப்பதும் சிக்கலாகும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈஎஸ்ஐ. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25. அதை மாத்திரை வாங்கும் இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் அங்கிருந்து வரும். கார்டே வாங்காமல் வருடக்கணக்கில் வேலை செய்யும் கடைப் பையன்கள் எத்தனையோ பேர். தீபாவளி போனஸும் முதலாளி பார்த்துப் போடும் பிச்சை அல்ல, தகுதியுள்ளவர்களுக்கு 8.33 சதவீதம் என்பது சட்டம் விதித்த குறைந்தபட்சம்.

கடை என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே விற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அடுத்தமுறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

மேனேஜர் கையில் ஒரு பானை

சம்பள உயர்வு கேட்பதில் எல்லோரும் செய்யும் தவறு, அப்ரைசல் கூட்டத்தில் கேட்பது. ஏப்ரலில் உயர்வு என்றால் நான் இருந்த இடங்களில் பிப்ரவரியிலேயே பட்ஜெட்டைப் பிரித்து முடித்திருப்போம். கூட்டத்தில் மேனேஜர் உங்களிடம் சொல்வது முடிவை. அது எடுக்கப்படும் இடம் அந்தக் கூட்டம் அல்ல. கேட்க வேண்டிய மாதம் டிசம்பர், ஜனவரி.

மேனேஜருக்கு மேலிருந்து ஒரு பானை வரும். பத்துப் பேருக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றியிருப்பார்கள். உங்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக மொண்டால் வேறொருவருக்கு ஒரு கரண்டி குறையும், அதற்கு அவர் தன் மேலதிகாரியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். ஆகவே நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியது, அவர் அப்படியே மேலே அனுப்பக்கூடிய மூன்று வரிகள். "ஜூன் மாத பில்லிங்கில் இருந்த பிழையை நான் கண்டுபிடித்தேன், அதனால் இவ்வளவு தொகை தப்பியது" என்பது அப்படிப்பட்ட வரி. "வீட்டு வாடகை ஏறிப்போச்சு சார்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை அவரால் எங்கேயும் அனுப்ப முடியாது. "ராத்திரி பகலா உழைச்சேன்" என்பதும் அப்படியே.

"அவனுக்கு மட்டும் எப்படி அவ்வளவு?" என்ற கேள்வியைச் சம்பளப் பேச்சில் கலக்காதீர்கள்; பேச்சு அவனைப் பற்றியதாகத் திரும்பிவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. அதே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருந்தால் அது சட்டப் பிரச்சினை. 1976 முதலே சட்டம் அதைத் தடுக்கிறது. அதைத் தனியாக, எழுத்தில் கேளுங்கள்.

"அடுத்த சைக்கிள்ல பார்த்துக்கலாம், என்னை நம்பு" என்பார் மேனேஜர். பெரும்பாலும் அதை நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அடுத்த சைக்கிள் வரும்போது அவரே அந்த நாற்காலியில் இருப்பாரா என்பது சந்தேகம். அன்று மாலையே ஒரு மெயில் போடுங்கள்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. அக்டோபரில் என் சம்பளத்தை மறுபடி பரிசீலிப்பதாகச் சொன்னீர்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நன்றி சார்." குற்றம் சொல்லாமல் நாலு வரியில் முடியட்டும். பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும் மெயில் போன தேதி இருக்கிறது. பத்து வருடத்தில் நான் பார்த்த சட்ட நோட்டீஸ்களில் பாதிக்கு இப்படி ஒரு மெயில்கூட ஆதாரமாக இல்லை. மீதிப் பாதி அந்த மெயிலாலேயே நின்றன.

'பெர்ஃபாமன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான்' என்ற பெயரில் ஒரு தாள் வந்தால் அதை ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே தேற்றி எடுக்க நடத்துவதும் உண்டு, அனுப்புவதற்கு முன்னேற்பாடாக நடத்துவதும் உண்டு. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: இலக்கு என்ன, எந்தத் தேதிக்குள், எதை வைத்து அளப்பீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். தேற்ற நினைப்பவர் எண் கொடுப்பார். அனுப்ப நினைப்பவர் 'மனப்பான்மை', 'ஈடுபாடு' என்று அளக்க முடியாத சொற்களில் எழுதுவார். இரண்டாவது வகை என்றால் அன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். ஆனால் திட்டத்தின் ஒவ்வொரு வாரமும் செய்ததை எழுதி அனுப்புவதை நிறுத்தாதீர்கள்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. உங்கள் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், உயர்வுக் கடிதம், பாராட்டு மெயில் ஆகியவற்றின் நகலை வீட்டில் வையுங்கள். அலுவலகக் கணக்கு எந்த நிமிடமும் மூடப்படலாம். ஆனால் வாடிக்கையாளர் விவரங்களையும் கம்பெனி ஃபைல்களையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். உங்களை நீக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் காரணத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

மேனேஜர் கடுமையாகப் பேசுவது வேறு, பாலியல் தொல்லை வேறு. பின்னதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றாலோ, முதலாளியே தவறு செய்தவர் என்றாலோ, மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இதில் பலருக்குத் தெரியாமல் போவது கெடு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும்மா" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பதில்லை. விசாரணை முடியும்வரை வேறு பிரிவுக்கு மாற்றவோ, 3 மாதம் வரை விடுப்பு தரவோ கேட்கும் உரிமையும் புகார் தருபவருக்கு உண்டு.

பன்னிரண்டாவது ஆள்

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அந்தப் பெண் தாளை இரண்டுமுறை படித்தார். பேனாவைத் தொடவில்லை. "சார், இதை மெயில்ல அனுப்புங்க. வீட்ல பேசிட்டுத் திங்கக்கிழமை சொல்றேன்" என்றார். "இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் மேடம்" என்றார் எங்கள் ஆள். "அப்படின்னா அதையும் மெயில்ல சொல்லிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவே அவரிடமிருந்து மெயில் வந்தது. இன்று மாலை நான்கு மணிக்கு அழைத்து ராஜினாமா கேட்டீர்கள், விலகும் எண்ணம் எனக்கு இல்லை, திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வருவேன் என்று மூன்று வரி. திங்கட்கிழமை வந்தார். அடையாள அட்டை வேலை செய்தது. மூன்று வாரம் யாரும் அவரிடம் எதுவும் பேசவில்லை. அதன்பிறகு பேசினார்கள். பதினொரு பேருக்கு ஒரு மாதச் சம்பளம். அவருக்கு நான்கு மாதச் சம்பளமும் விடுப்புப் பணமும் ரிலீவிங் லெட்டரும். இரண்டு கணக்கையும் போட்டவன் நான்தான்.

கம்பெனிக்கு அந்த ராஜினாமாத் தாள் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? ஆட்குறைப்பு என்றால் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளருக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தரவேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. தானே எழுதிக் கொடுத்து விலகியவருக்கு இவை எதுவுமே கிடையாது. அந்த ஒரு தாளின் விலை இதுதான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், அன்றோ மறுநாளோ "கட்டாயத்தின்பேரில் போட்டேன், திரும்பப் பெறுகிறேன்" என்று மெயில் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நீங்களாகவே விலகுவதென்றால் கதை வேறு. 90 நாள் நோட்டீஸ் என்று எழுதியிருந்தாலும் உங்களை உட்காரவைத்து வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. மிஞ்சிப்போனால் குறைந்த நாட்களுக்கான பணத்தைக் கேட்கலாம். அவர்கள் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் ரிலீவிங் லெட்டர். அதனால் சண்டை போடாமல், எத்தனை நாள் வேலை, எத்தனை நாளுக்குப் பணம், கடிதம் என்றைக்கு என்று எழுத்தில் பேசி முடித்துக்கொள்வது உத்தமம். கணக்கு தீர்ப்பதற்கு 'நாற்பத்தைந்து நாள் ஆகும் சார்' என்று நாங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தோம். இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமாவாக இருந்தாலும், நீக்கமாக இருந்தாலும் 2 வேலை நாளில் ஊதியப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள். கடைசி அடிப்படைச் சம்பளம் 25,000, சர்வீஸ் 7 வருடம் 8 மாதம் என்றால் 8 வருடமாகக் கணக்கிட்டு, 25,000 ரூபாயை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து 8 ஆல் பெருக்குங்கள். 1,15,384 ரூபாய் வரும். செக்கில் அதைவிடக் குறைவாக இருந்தால் கேளுங்கள்.

தேனாம்பேட்டைக்குப் போகும் வழி

பேசித் தீராதபோது எங்கே போவது? நீங்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளரா, நிர்வாகத்தைச் சேர்ந்தவரா என்பதுதான் முதல் கேள்வி. விசிட்டிங் கார்டில் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று போட்டிருப்பதால் நீங்கள் மேனேஜர் ஆகிவிடமாட்டீர்கள். நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆளெடுக்க, நீக்க, லீவு கொடுக்க அதிகாரம் இல்லாமல் கோடு எழுதுபவரும் பில் போடுபவரும் பெரும்பாலும் தொழிலாளரே. ஐடி ஊழியர்களுக்கும் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் பொருந்தும், சங்கமும் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

தொழிலாளர் என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகம். மற்ற மாவட்டங்களில் தொழிலாளர் துறை அலுவலகம். மனுவுக்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. வேலைநீக்க வழக்கில் 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் முன்பு 3 ஆண்டாக இருந்த கெடு, புதிய சட்டத் தொகுப்பில் நீக்கிய தேதியிலிருந்து 2 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஊதியப் பாக்கிக்கான கெடு மட்டும் 3 ஆண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீர்ப்புவரை போகும் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் நீங்கள் வேறு வேலையில் செட்டில் ஆகியிருப்பீர்கள். ஆனால் சமரச அலுவலரிடமிருந்து வரும் முதல் நோட்டீஸுக்கே ஒரு பலன் உண்டு. அது எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாட்களில், அதுவரை 'பரிசீலனையில்' இருந்த செக் மறுவாரம் கையெழுத்தாகி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. சிவில் நீதிமன்றம்தான், அங்கும் கிடைப்பது பெரும்பாலும் நோட்டீஸ் காலத்துச் சம்பளம். ஆகையால் பதவி உயர உயர, சேரும்போது போடும் ஒப்பந்தத்தில் விலகும் நிபந்தனைகளைப் பேசி வைப்பது இன்னும் முக்கியம்.

அக்கா மகனின் நான்கு கேள்விகளில் மூன்றுக்குப் பதில் வந்துவிட்டது. கைக்கு 39,412. பாண்ட் இல்லை. நோட்டீஸ் இரண்டு தரப்புக்கும் 60 நாள். வேரியபிள் பே பற்றி மட்டும் "கம்பெனி பாலிசிப்படி" என்று ஒற்றை வரி. அந்தப் பாலிசியை அனுப்பச் சொல்லிக் கேளுடா என்றேன். "கேட்டிருக்கேன் மாமா, இன்னும் வரல" என்றான் நேற்று. சேரவேண்டிய நாள் வருகிற திங்கட்கிழமை. லெட்டர் கையெழுத்தில்லாமல் அவன் மேசைமேல் இருக்கிறது.